‘ஆடக் கூடாது’ என்று யார் சொல்வது?

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டு இடங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒன்று, அறிவர் கோயில் விதானத்தில் இருக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக் குள ஓவியம். இன்னொன்று, குன்றின் மேலே ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களுக்காக வழவழவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள். தன் உடம்பை என்ன செய்வது என்று தானே முடிவெடுத்த துறவிகள் அங்கே இருந்தார்கள்.

குன்றுக்குக் கீழே, அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை என்று நீளும் இந்த வட்டாரத்தில், பள்ளிக்கூட மைதானத்தில் பந்து விரட்டும் பிளஸ் டூ பிள்ளைக்கு அந்த உரிமை அவ்வளவு லேசில் கிடைப்பதில்லை. பந்தை விட்டால் படிப்பு, படிப்பை விட்டால் வேலை என்று கணக்குப் போடும் வீட்டில், கால்பந்து ஒரு கதவு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேரலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் பொறியியல் சேர்க்கையில் மட்டும் இதற்கு 500 இடங்கள். கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி, மாநில அணி என்று ஏறினால் அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆட 17 முதல் 25 வயது வரைதான் அனுமதி. அதாவது, எட்டு வருடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

இந்த அவசரத்துக்கு நடுவில் ஒரு பையனுக்கு ஓடும்போது நெஞ்சு படபடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஒரு பெண் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கிக் கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்துவிடுகிறாள். “என்னப்பா, முடியலையா?” என்று பி.டி. சார் கேட்டால் வரும் பதில் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான்: “ஒண்ணும் இல்ல சார்.”

அந்த ‘ஒண்ணும் இல்ல’ எங்கிருந்து வருகிறது, அது எத்தனை ஆபத்து, பிள்ளைகள் அதைச் சொல்லத் தேவையில்லாமல் செய்ய என்ன வழி என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசப்போகிறது.

அன்வர் அலியின் இதயம்

இந்தியக் கால்பந்தில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் பக்கத்து ஆதம்பூரைச் சேர்ந்த அன்வர் அலி 2000-இல் பிறந்தவர். 2017-இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் தற்காப்பு வரிசையில் ஆடினார். அடுத்த ஆண்டு ஸ்பெயினில் நடந்த கோடிஃப் கோப்பையில் இந்தியாவின் 20 வயதுக்குட்பட்டோர் அணி அர்ஜென்டினாவை 2-1 என்று சாய்த்தது. அந்த இரண்டாவது கோல் அன்வர் அடித்த ஃப்ரீ கிக். தற்காப்பு ஆட்டக்காரன் அப்படியொரு ஃப்ரீ கிக் அடிப்பதைப் பார்த்தவர்கள் இவன் பத்து வருடத்துக்கு இந்திய அணியில் இருப்பான் என்று முடிவு கட்டினார்கள்.

2019-இல், பத்தொன்பது வயதைத் தொடும் நேரத்தில், மருத்துவப் பரிசோதனையில் அவர் இதயத் தசை சில இடங்களில் அளவுக்கு மீறித் தடித்திருப்பது தெரிந்தது. ஹைபர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்பார்கள். விளையாட்டு மைதானத்தில் திடீரென்று சரிந்து விழும் இளைஞர்களின் கதையில் அடிக்கடி வரும் பெயர் இது. ஆட்டம் நின்றது.

2020-இல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அவரைச் சேர்த்துக்கொண்டது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் குறுக்கே வந்து, மருத்துவக் குழு முடிவு சொல்லும்வரை பயிற்சிக்கே விட வேண்டாம் என்றது. அன்வர் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனார். கால்பந்துதான் அவருடைய பிழைப்பு. அதை நிறுத்தும் முடிவை எடுக்க வேண்டியவர் யார் என்பதே வழக்கின் அடியில் இருந்த கேள்வி.

சம்மேளனத்தின் மருத்துவக் குழுவை வில்லனாகக் காட்டிவிடுவது சுலபம். அது நியாயமாகாது. குழுவின் அன்றைய தலைவர் வேஸ் பயஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் ஆடியவர், மருத்துவர், டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸின் தந்தை. ஆட முடியாமல் போவதன் வலி என்ன என்பதை அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை. இருந்தும் அந்தக் குழு ‘வேண்டாம்’ என்றே பரிந்துரைத்தது. ஒரு பையன் மைதானத்தில் செத்து விழுந்தால் அதற்கு யார் பொறுப்பு என்ற அச்சம் அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் இருந்தது. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

அன்வர் தரப்பு இன்னொரு கருத்தைத் தேடிப் போனது. விளையாட்டு வீரர்களின் இதயத்தையே தனித் துறையாகக் கொண்ட லண்டன் மருத்துவர் சஞ்சய் ஷர்மா வரை அறிக்கைகள் போயின. 2021-இல் தடை தளர்ந்தது. அன்வர் டெல்லி எஃப்.சி.க்காக டூரண்ட் கோப்பையில் ஆடினார், அங்கிருந்து எஃப்.சி. கோவாவுக்குப் போனார். 2022 மார்ச்சில் பஹ்ரைனுக்கு எதிராக இந்திய அணியின் சட்டையைப் போட்டார். அதே ஆண்டு ஜூன் 14, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று, எதிரே ஹாங்காங். ஆட்டம் தொடங்கி இரண்டாவது நிமிடத்தில் அன்வர் கோல். இந்தியா 4-0.

அதற்குப் பிறகு நடந்தவைதான் கதையின் நல்ல பகுதி. 2023-இல் குவைத்துக்கு எதிராகக் கடைசி நேரத்தில் சொந்த வலைக்குள்ளேயே பந்தைத் தட்டிவிட்டார். 2024-இல் மோகன் பகானிலிருந்து ஈஸ்ட் பெங்காலுக்குப் போனதில் பெரிய வழக்கு. 12.90 கோடி ரூபாய் இழப்பீடு கட்டு என்று சம்மேளனக் குழு சொல்ல, அதுவும் உயர்நீதிமன்றம் ஏறியது. நான்கு வருடத்துக்கு முன் எந்த அணியிலும் சேர்க்காதே என்று சொல்லப்பட்ட ஆளுக்காக இரண்டு பெரிய கிளப்புகள் கட்டிப் புரண்டன. இதயத்துக்காகப் பேசப்பட்டவர், இப்போது தவறுக்காகவும் சம்பளத்துக்காகவும் பேசப்படுகிறார். ஒரு ஆட்டக்காரனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

இந்தக் கதையை ‘மன உறுதி வென்றது’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். அப்படித்தான் பலரும் முடிக்கிறார்கள். ஆனால் அன்வரிடம் மன உறுதியோடு வேறு மூன்றும் இருந்தன: அறிக்கையைப் படித்துச் சொல்ல இன்னொரு மருத்துவர், வாதாட வழக்கறிஞர், பக்கத்தில் நின்ற கிளப். இவை இல்லாத அன்வர் இன்றைக்கு எங்கே இருந்திருப்பார் என்று யோசித்தால் அன்னவாசல் பையனின் நிலைமை புரியும்.

தடித்த தசையும் மாறிய விதியும்

இந்த இதயக் குறைபாடு அபூர்வமானதல்ல. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மருத்துவ உலகின் கணக்கு. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பலர் ஒரு தொந்தரவும் இல்லாமல் எண்பது வயது வரை வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள். சிலருக்கு, உடல் உச்சக்கட்ட உழைப்பில் இருக்கும்போது இதயத்தின் மின்துடிப்பு குழம்பிவிடுகிறது. விளையாட்டு வீரருக்கு ஆபத்து அங்கேதான்.

தெற்காசியர்களுக்கு இதில் தனியாக ஒரு செய்தியும் உண்டு. இதயத் தசையின் ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பது இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் காணப்படுவதாக 2009-இல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அதன் முதல் ஆசிரியர் பெருந்துறை தண்டபாணி. துண்டு விடுபட்ட எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் இதயத் தசை நோய் அமெரிக்க, ஐரோப்பிய ஆட்டக்காரர்களின் சங்கதி, நமக்கு எதற்கு என்று ஒதுக்க முடியாது என்பதை அந்த ஆய்வு சொல்லிவிட்டது.

இருபது வருடத்துக்கு முன் விதி நேரானது: இந்தக் குறைபாடு இருந்தால் போட்டி விளையாட்டு கிடையாது. 2020 முதல் ஐரோப்பிய, அமெரிக்க இதயவியல் அமைப்புகள் அந்தப் பிடியைத் தளர்த்தின. நிபுணர் முழுமையாகச் சோதிக்க வேண்டும், ஆபத்தை ஆட்டக்காரருக்கும் வீட்டுக்கும் புரியும்படி சொல்ல வேண்டும், பிறகு எல்லோரும் சேர்ந்து முடிவெடுக்கலாம் என்ற நிலைக்கு வந்தன. 2023-இல் வெளியான ஓர் ஆய்வு 1,660 பேரைத் தொடர்ந்து கவனித்தது. இதயத் தசைக் குறைபாடு உள்ளவர்களில் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்கும் மிதமாகச் செய்தவர்களுக்கும் ஆபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த 1,660 பேரில் பெரும்பாலானோர் நல்ல மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள். நிபுணரே பார்த்திராத பையனுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது.

கத்தக்குறிச்சி சாந்தி

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், உடம்பைப் பற்றிய ஒரு தாள் ஓர் ஓட்டக்காரியின் வாழ்க்கையை எப்படித் திருப்பிப் போட்டது என்பதற்கு, அன்வர் கதைக்கு நேர் எதிரான ஓர் உதாரணம் இருக்கிறது.

கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோருக்குப் பிறந்தவர். வயிறார சோறு கிடைக்காத குழந்தைப் பருவம். ஓட்டத்தால்தான் பள்ளி, ஓட்டத்தால்தான் கல்லூரி. 2005 ஆசியத் தடகளத்தில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு, அதே 800 மீட்டர்: 2 நிமிடம் 3.16 நொடி, மறுபடியும் வெள்ளி. அடுத்த சில நாளில் பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு நோயும் இல்லாத, பிறவியிலேயே சற்று வேறாக அமைந்த உடம்பு அது. அதை அவருக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்லும் முன்பே செய்தி உலகம் முழுக்கப் போய்விட்டது. கூட உட்கார்ந்து அறிக்கையைப் படிக்க மருத்துவர் இல்லை, மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞர் இல்லை. ஊரில் தலைகாட்ட முடியாத நிலை.

பறிபோன பதக்கத்தைப் பொருட்படுத்தாமல் அன்றைய முதல்வர் கருணாநிதி அறிவித்தபடியே 15 லட்சம் ரூபாய் தந்தார். அதில் புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார் சாந்தி. பணம் கரைந்தது. 2012-இல் அவர் மறுபடி செங்கல் சூளையில் தினக்கூலிக்கு நிற்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு பயிற்சியாளர் படிப்பு, 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி என்று பத்து வருடம் கழித்துக் கால் ஊன்றினார்.

சாந்திக்கு எட்டு வருடம் பின்னால், 2014-இல், ஒடிசாவின் ஓட்டக்காரி டூட்டி சந்த் இதே மாதிரி தடுக்கப்பட்டார். ஆனால் அதற்குள் காலம் மாறியிருந்தது. ஆய்வாளர்களும் வழக்கறிஞர்களும் கூட வந்தார்கள். 2015 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அவரைத் தடுத்த விதியையே நிறுத்தி வைத்தது. டூட்டி 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினார். சாந்தியின் பதக்கம் இன்னும் திரும்பவில்லை.

அன்வர், டூட்டி, சாந்தி. மூவர் கையிலும் ‘நீ ஆடக் கூடாது’ என்ற தாள் வந்தது. முதல் இருவர் தனியாக இல்லை. மூன்றாமவர் தனியாக இருந்தார். தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைவிட, அதை வாங்கியபோது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதே கதையின் முடிவை மாற்றியது.

பெயர் பெறாத நோய்கள்

இதயம் செய்தியாகிறது. ஆனால் புதுக்கோட்டை மாதிரி மாவட்டத்தில் கல்லூரி அணிக்குப் போகிற பெண்ணை அதிகமாகக் கீழே தள்ளுவது ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் தசைக்குப் போகிற ஆக்சிஜன் குறையும். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் அது எழுபதாவது நிமிடத்தில் காட்டிக்கொடுக்கும். ‘ஸ்டாமினா இல்லை’ என்று கோச் சொல்வார். அந்தப் பெண்ணும் நம்பிவிடுவாள். காலையில் இன்னும் இரண்டு ரவுண்டு கூட ஓடுவாள். இருக்கிற இரும்புச்சத்தும் கரையும்.

பள்ளியில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பல பிள்ளைகள் அதை ஜன்னல் வழியே எறிவது ஊரறிந்த ரகசியம். கறுப்பாகப் போவது மாத்திரையால் வருவதுதான், பயப்பட ஒன்றும் இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்காவது டீ குடிக்காமல் இருந்தால் மீதியில் பாதி.

சேது எஃப்.சி. என்ற மதுரைப் பெண்கள் கால்பந்து அணி 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணி வரை போனார். இப்படி ஓர் எழுச்சி நடக்கிற மாநிலத்தில், திறமையான பெண்ணை ஒரு ரத்தப் பரிசோதனை செய்யாத காரணத்தால் இழப்பது மகா அநியாயம்.

அடுத்து சுகர். முதல் வகை நீரிழிவு பிள்ளைகளுக்கும் வருவது. கணையம் இன்சுலினைச் சுரப்பதை நிறுத்திவிடும். ரியல் மாட்ரிட்டில் ஆடிய நாச்சோ பெர்னாண்டஸுக்கு இது பன்னிரண்டு வயதில் வந்தது. முதலில் பார்த்த மருத்துவர், இனிக் கால்பந்து கிடையாது என்றார். சில நாள் கழித்துப் பார்த்த மருத்துவர், ஆட்டத்தை விடவே கூடாது, உடற்பயிற்சி உனக்கு மருந்து என்றார். அந்த இரண்டாவது மருத்துவரின் அறைக்கு நாச்சோ போகாமல் இருந்திருந்தால் ஆறு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளும் 2024 யூரோ கோப்பையும் வேறு யாருக்கோ போயிருக்கும். நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வசிம் அக்ரம். 1997-இல் முப்பது வயதில் சுகர் வந்து, அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் பந்து வீசினார்.

இன்சுலின் போடும் மாணவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்சுலின் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. அனுமதி வாங்காமல் பெரிய போட்டியில் பரிசோதனைக்கு மாட்டினால், உயிர் காக்கும் மருந்தே பழியாக வந்து சேரும். சிகிச்சைக்கான விலக்கு கேட்டு தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்கு மருத்துவ ஆவணங்களோடு முன்கூட்டியே விண்ணப்பித்தால் சிக்கல் இல்லை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்புடமால் அளவோடு எடுத்தால் விலக்கே தேவையில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டின் பால் ஸ்கோல்ஸ் ஆஸ்துமாவோடுதான் நடுக்களத்தை ஆண்டார். ஆனால் நம் ஊர் மைதானத்தில் இன்ஹேலரை எடுக்கும் பையன் யாரும் பார்க்காத மரத்தடியாகத் தேடிப் போகிறான். “இழுப்புக்காரன்” என்று ஒருவன் சொல்லிவிட்டால் செலக்‌ஷன் போச்சு என்று பயம்.

பதினாறு கிலோமீட்டர்

சித்தன்னவாசலிலிருந்து புதுக்கோட்டைக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 108-ஐ அழைத்தால் வரும். ஆனால் இதயம் நின்ற மனிதருக்கு மின் அதிர்ச்சி கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பத்து நிமிடம் என்பது கிட்டத்தட்ட எல்லாம் முடிந்த நேரம். ஆம்புலன்ஸ் எத்தனை வேகமாக வந்தாலும், அதற்கு முன் மைதானத்தில் நிற்பவர்களின் கைகள் என்ன செய்கின்றன என்பதே தீர்ப்பு.

2004 டிசம்பர் 5, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஃபெடரேஷன் கோப்பை இறுதி. டெம்போ அணியின் பிரேசில் வீரர் கிறிஸ்டியானோ ஜூனியர் அன்றைக்கு இரண்டு கோல் அடித்தார். இரண்டாவதை அடித்த கையோடு மைதானத்திலேயே சரிந்தார்; பிழைக்கவில்லை. சம்மேளனத்தின் அச்சத்துக்குப் பின்னால் இருந்த நினைவு இதுதான். 2022-இல் பண்ருட்டி பக்கம் கபடிக் களத்தில் ரெய்டு போன ஒரு கல்லூரி மாணவர் விழுந்து எழவில்லை. அந்தக் காணொளி தமிழ்நாட்டில் எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு நெஞ்சு அழுத்தும் முதலுதவியைக் கற்றுக்கொண்டோம்?

2021 ஜூன் 12, கோபன்ஹேகன். யூரோ கோப்பையில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் தொடாமலேயே முகங்குப்புற விழுந்தார். அணித்தலைவர் சைமன் கியார் ஓடிவந்தார். மருத்துவக் குழு நெஞ்சை அழுத்தத் தொடங்கியது. மின் அதிர்ச்சிக் கருவி ஒரே ஒரு தடவை வேலை செய்தது. எரிக்சன் மைதானத்திலேயே கண் திறந்தார். பிறகு நெஞ்சுக்குள் ஒரு சிறு கருவி பொருத்தினார்கள். அப்படிக் கருவி பொருத்தியவரை ஆட விடாத இத்தாலியின் விதியால் இன்டர் மிலானை விட வேண்டி வந்தது. இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டும் மான்செஸ்டர் யுனைடெட்டும் எடுத்துக்கொண்டன. 2024 யூரோவில், விழுந்து 1,100 நாள் கழித்து, டென்மார்க்குக்காகக் கோல் அடித்தார்.

இத்தாலியின் கண்டிப்பைக் குறை சொல்லவும் முடியாது. அங்கே 1982 முதல் போட்டி விளையாட்டுக்கு வரும் எவருக்கும் ஈ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனை கட்டாயம். வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் மரணம் அதற்குப் பின் 89 சதவீதம் குறைந்தது என்று 2006-இல் வெளியான ஆய்வு சொன்னது.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சங்கதி என்பவர்களுக்கு அன்னவாசல் ஜல்லிக்கட்டை ஞாபகப்படுத்தலாம். 2017-இன் விதிகளின்படி வாடிவாசல் திறப்பதற்கு முன் மாடுபிடி வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தால் களத்துக்கு வெளியேதான். காளைகளுக்குக் கால்நடை மருத்துவர், காயம்பட்டவர்களுக்கு மருத்துவக் குழு, வாசலில் ஆம்புலன்ஸ். மாவட்ட நிர்வாகம் இதையெல்லாம் பார்த்துத்தான் அனுமதி கொடுக்கிறது. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான வீரர்களுக்கு இதை நடத்திக் காட்டுகிற மாவட்டத்தில், இரண்டு கல்லூரி அணிகள் மோதும்போது கோட்டுக்கு வெளியே ஒரு முதலுதவிப் பெட்டியும் ஐஸ் பையும் மட்டும் இருப்பது ஏன்? நம்மிடம் வசதி இருக்கிறது. அதை எங்கே பயன்படுத்துவது என்ற யோசனைதான் வரவில்லை.

என்ன செய்யலாம்?

கல்லூரி சேர்க்கையின்போது கேட்கும் உடற்தகுதிச் சான்றிதழ் பல இடங்களில் கையெழுத்தோடு முடிகிறது. மாணவரை மருத்துவர் பார்த்தாரா என்பது கடவுளுக்கே வெளிச்சம். அந்தத் தாளுக்கு உயிர் கொடுக்கப் பெரிய செலவு வேண்டாம். நான்கு கேள்விகள் போதும்: ஓடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறாயா? நெஞ்சு வலி அல்லது காரணமில்லாத படபடப்பு வருகிறதா? உன் குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா? உனக்கு இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இருப்பதாக எந்த மருத்துவராவது சொல்லியிருக்கிறாரா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும் ஈ.சி.ஜி., எக்கோ எடுக்க அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம். இதயத் தசை தடித்தவர்களில் பெரும்பாலானோருக்கு ஈ.சி.ஜி.யிலேயே ஏதாவது ஒரு கோணல் தெரிந்துவிடும்.

ஓடும்போது மயங்கி விழுவதற்கும், ஓடி முடித்து வெயிலில் நின்று மயங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது பெரும்பாலும் ரத்த அழுத்தம் திடீரென்று இறங்குவதால் வருவது. முதலாவதை ஒருநாளும் ‘காலையில் சாப்பிடல போல’ என்று தள்ளிவிடக் கூடாது. அதேபோல, காய்ச்சலோடு மேட்ச் ஆடுவது வீரம் அல்ல. சில வைரஸ்கள் இதயத் தசையில் வீக்கம் உண்டாக்கும். அந்த வீக்கம் உறுதியானால் மாதக்கணக்கில் ஓய்வு எடுக்கச் சொல்வார்கள்.

மைதானத்தில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நெஞ்சை அழுத்தக் கற்ற நான்கு பேர் ஒவ்வொரு அணியிலும் இருக்க வேண்டும். மின் அதிர்ச்சிக் கருவி ஒன்று கல்லூரி அலுவலகப் பூட்டுக்குள் அடைபடாமல் மைதானத்துக்கு வர வேண்டும். சுகர் இருக்கும் மாணவரின் பையில் குளுக்கோஸும், ஆஸ்துமா இருப்பவரின் சாக்ஸுக்குள் இன்ஹேலரும் இருக்கிறது என்று கோச்சுக்கும் கோல்கீப்பருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, மிகக் கஷ்டமான பகுதி. எல்லாப் பரிசோதனையும் முடிந்து, இரண்டாவது மருத்துவரும் பார்த்து, ‘வேண்டாம் தம்பி’ என்றே பதில் வரும் பிள்ளைகளும் இருப்பார்கள். எல்லாரும் அன்வர் அலி ஆக முடியாது; ஆகவும் வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைக்குக் கல்லூரி என்ன செய்யப்போகிறது? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மருத்துவக் காரணத்தால் ஆட முடியாமல் போன மாணவரின் உதவித்தொகையைக் கல்லூரி தொடர்ந்து கொடுக்க வழி இருக்கிறது. நம் ஊர் விளையாட்டு ஒதுக்கீட்டிலும் இதைச் சட்டமாக எழுதிவைக்கலாம். ஆட்டத்தை மருத்துவர் நிறுத்தினால் சீட்டும் விடுதியும் படிப்பு முடியும்வரை நிற்கும் என்று ஒரு வரி. நடுவர் படிப்பு, பயிற்சியாளர் படிப்பு, ஆட்ட ஆய்வு என்று பந்தோடு வாழ ஆயிரம் வேலை இருக்கிறது. சாந்தி செய்துகாட்டியிருக்கிறார், அவருக்கு அது பத்து வருடம் பிடித்தது மட்டும்தான் அநியாயம்.

பிள்ளைகள் நோயை மறைப்பது அறியாமையால் என்று பெரியவர்கள் நினைக்கிறோம். அப்படி இல்லை. அவர்கள் நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் மறைக்கிறார்கள்: உண்மையைச் சொன்னால் சீட் போகும், சொல்லாவிட்டால் ஒருவேளை உயிர் போகலாம். பதினெட்டு வயதில் ‘ஒருவேளை’ ரொம்ப தூரத்தில் இருக்கும். சீட் நாளைக் காலையில் இருக்கும். சீட் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். அதற்குப் பிறகு பி.டி. சார் கேட்டால், பையன் உண்மையைச் சொல்வான்.